முழங்காலுக்குப் பின்னால் பார்க்க ஒரு ஆள்

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு பொட்டலம் இருந்தால், அதற்குள் என்ன என்று தெரியாமல் என்னால் இறங்க முடியாது. பாளையங்கோட்டையில் இறங்க வேண்டியவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வந்ததுண்டு. வீட்டில் இதற்காக நான் வாங்காத ஏச்சு இல்லை. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த பிறகுதான், இந்தக் கெட்ட பழக்கத்துக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்தது. ஓய்வு பெறும்வரை அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நோயாளியின் விவரம் எப்படிக் கேட்பது, எதை எங்கே பதிவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நான் ஒரே ஒரு பொட்டலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பொட்டலம் மட்டும் அசல்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்தைய காலம். மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். பரம்பரையாகக் கொழுந்து பறித்தவர்கள், எஸ்டேட் கொடுத்திருந்த வரிசை வீடுகளான லைன் வீடுகளைப் பூட்டிவிட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்களோ அங்கே போனார்கள். பொன்னுத்தாய்க்கு மகள் தங்கம் மட்டும்தான். புருஷன் முன்னமே இறந்துபோயிருந்தார். தங்கம் டவுணில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து, அங்கேயே வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டவள். ரத வீதிக்குப் பின்னால் சந்துக்குள் மாமியார் வீடு. வேறு வழியில்லாமல் பொன்னுத்தாய் அங்கே வந்து தங்கினார்.

சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவது நம் பக்கத்தில் எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் தங்கம் அப்போது மாசமாக இருந்தாள். முதல் பேறுகாலத்துக்கு மகளை அழைத்துக்கொண்டு போக வேண்டிய தாய், போக வீடில்லாமல், மகளின் மாமியார் போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாமியார்தான் மூவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தது. மூவர் என்றால் மருமகள், சம்பந்தி, பிறகு அந்தப் பொட்டலம். பொட்டலத்தைக் கையால் தொடாமல் செய்தித்தாளில் ஏந்திக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டிய எலுமிச்சை அளவு முடிச்சு. தங்கத்தின் கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம்.

“செய்வினையோன்னு முதல்ல பயந்துட்டேன் மேடம்” என்றார். “மாசமா இருக்க பிள்ளை கட்டிலுக்குக் கீழ எவ கொண்டு வச்சான்னு பாத்தா, பெத்த தாயே வச்சிருக்காவ. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்காவ. சாயங்காலம் ஆனா காலை நீட்டிப் போட்டு விரல் இடுக்கெல்லாம் நோண்டிக்கிட்டு இருக்காவ. பூச்சி ஏறுதாம். உப்ப அள்ளிக் காலுல தேய்க்காவ.”

இத்தோடு தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, சும்மா இருக்கும்போதே கண்ணீர், குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கருக விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கெட்டவர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள். அதற்குள் டாக்டர் ஒரு முடிவு சொல்லிவிட்டால், பொன்னுத்தாயை ஒரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று விசாரித்தும் வைத்திருந்தார். பச்சைப் பிள்ளையை இந்தக் கையில் எப்படிக் கொடுப்பது என்று அவர் கேட்டபோது தங்கம் தலையைக் குனிந்துகொண்டாள். பொன்னுத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்த இளம் டாக்டர் நல்ல படிப்பாளி, வறண்ட மாவட்டத்துக்காரர். பூச்சி ஏறுமா என்று கேட்டிருக்கிறார். பொன்னுத்தாய் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்: ஏறும், ஏறுவது தெரியாது, ரத்தம் குடித்த பிறகுதான் தெரியும். அப்படி ஒரு பதிலைப் புத்தகம் படித்த யார் கேட்டாலும் என்ன நினைப்பார்களோ அதைத்தான் அவரும் நினைத்தார். இல்லாத பூச்சி இருப்பதாக நம்பும் நோய். உள்ளே சேர்த்து மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று என்னிடம் அனுப்பினார். வீட்டு விவரத்தை நான் கேட்டு எழுதியதும் சேர்க்கை.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டாக்டர் சொன்னது சரியாக இருந்து நான் இழுத்தடித்தால், மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் ஒரு நோயாளியை மருந்தில்லாமல் விடுகிறேன். அவர் சொன்னது தவறாக இருந்து நான் சும்மா இருந்தால், அந்த நோயின் பெயர் பொன்னுத்தாய்மேல் ஒட்டிவிடும். பிறகு எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது. காப்பகம்தான். தங்கம் தாய் இல்லாமல் பிள்ளை பெறுவாள். இரண்டு பக்கமும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் என்னை உந்தியது நியாய உணர்ச்சி எதுவும் இல்லை. அந்த முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

சம்பந்தியம்மா, அதாவது தங்கத்தின் மாமியார், வெளியே போக மறுத்தார். தான் இல்லாவிட்டால் மதினி எல்லாவற்றையும் மறைத்துவிடுவார் என்றார். பொன்னுத்தாயை அவர் மதினி என்றுதான் கூப்பிடுவார். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றாலும் அசையவில்லை. தங்கத்தின் முகம் வெளுத்திருக்கிறதே, கீழே போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றேன். உடனே எழுந்து மருமகள் கையைப் பிடித்துக்கொண்டார். சும்மா வெளியே போகச் சொன்னால் யாரும் போகமாட்டார்கள். செய்ய ஒரு வேலையைக் கொடுங்கள், போய்விடுவார்கள்.

கதவைச் சாத்திவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். கல்லுப்பு. அதோடு ஏதோ பழுப்பு நிறத்தில் தூள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாக இழுத்து முகர்ந்தேன். அதற்குப் பிறகு நான் தும்மிய தும்மலில் மேசையில் இருந்த காகிதங்கள் பறந்தன. நிறுத்த முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட நான் கைக்குட்டையைத் தேடும்போது, அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“பொயிலைல்லாம்மா அது. மோந்து பாக்கலாமா?”

உப்பும் புகையிலையும் எதற்கு என்று கேட்டேன். அட்டைக்கு என்றார், மழையில் குடை எதற்கு என்று கேட்டதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் சமவெளிக்காரி. அட்டை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் காலில் ஏறியதில்லை. வாயால் சொன்னால் எனக்கு விளங்காது, செய்து காட்டுங்கள் என்றேன். பொன்னுத்தாய் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். மழை தொடங்கிவிட்டால் தேயிலைக் காட்டில் புல்லுக்குப் புல் அட்டை நிற்குமாம். காலையில் போகும்போது முடிச்சைத் தண்ணீரில் நனைத்துக் கணுக்காலைச் சுற்றித் தடவிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் திரும்பியதும் முதலில் விரல் இடுக்கு, பிறகு பாதத்தின் வளைவு, பிறகு கெண்டைக்கால். அந்தக் கை எவ்வளவு வேகமாகவும் பதமாகவும் போனது என்று நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்காது, கூசாது, அது குடித்துவிட்டு விழுந்த பிறகு ரத்தம் நிற்காமல் வழியும்போதுதான் தெரியும் என்றார். டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

“இங்கன உங்க மக வீட்டுல அட்டை இருக்கா?” என்று கேட்டேன்.

“இங்கன எப்படிம்மா இருக்கும்? டவுணு வெயிலுல மனுசனே இருக்க முடியல.”

அந்த ஒரு பதிலுக்கு நான் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. பூச்சி ஏறுவது இங்கேயா, மலையிலா என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. இங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. பிறகு ஏன் பார்க்கிறீர்கள் என்றேன். தெரியவில்லை, சாயங்காலம் ஆனால் கை தானாகப் போகிறது, பார்க்காமல் படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றார். தங்கம் கருக்கலில் எழுந்து பின்பக்கம் போவாள், அதனால் கட்டிலுக்கடியில் ஒரு முடிச்சு வைத்ததாகச் சொல்லிவிட்டு, அதற்கு அர்த்தமில்லை என்று தனக்கே தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அங்கேயே நான் எழுந்து டாக்டரிடம் ஓடியிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் மிச்சம் இருந்தது. என் காலையே பார்த்துக்கொண்டு யோசித்தேன். விரல் தெரிகிறது, கெண்டைக்கால் தெரிகிறது. முழங்காலுக்குப் பின்னால் ஏறினால்?

“அத நாமளா பாக்க முடியாதும்மா. ரோசம்மாதான் பாப்பா. அவளுக்கு நான் பாப்பேன்.”

ரோசம்மா லைனில் பக்கத்து வீட்டுக்காரி. வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்ப்பார்கள். அன்றைக்கு யார் யாரோடு சண்டை, யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது என்று அத்தனை பேச்சும் அப்போதுதான். குளிருக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா ஒன்று உள்ளே போகும். எஸ்டேட் மூடியதும் ரோசம்மா திருப்பூருக்கு மகனோடு போய்விட்டாள். இதைச் சொன்னதும் பொன்னுத்தாய் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குரல் எடுத்து அழுதார். நான் தரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. வரக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். வந்தது.

டாக்டரிடம் போனேன். நான் கண்டுபிடித்ததைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். நான் சொன்னால் அது என் கருத்து. அவர் காதால் கேட்டால் அது நோயாளியின் வார்த்தை. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, நீங்களே வந்து கேளுங்கள் டாக்டர் என்று மட்டும் சொன்னேன். அவரும் பந்தா இல்லாமல் வந்தார். தரையிலேயே உட்கார்ந்தார். ஏறுவது இங்கேயா, மலையிலா என்று கேட்டார், பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எழுத இருந்த நோயின் பெயரை அங்கேயே விட்டுவிட்டார்.

எனக்குள் ஒரே குதியாட்டம். புதிர் அவிழ்ந்துவிட்டதே. ஆனால் டாக்டர் எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, எல்லாம் வேண்டாம், செத்துப்போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டார்.

விடிகாலையில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஆற்றங்கரைக்கு, குறுக்குத்துறைக்குப் போனதாகப் பொன்னுத்தாய் சொன்னார்.

“படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார். எங்க மலையில பெய்யுற மழையும் இந்த ஆத்துலதான வந்து சேருது. இதோட போயிரலாமான்னு இருந்துச்சு. தங்கத்த நெனச்சு வந்துட்டேன்.”

அட்டையின் பின்னால் ஓடிய நான் அந்தக் கேள்வியிடம் போகவே இல்லை. ஆர்வம் நல்ல குதிரைதான். ஆனால் அது தனக்குப் பிடித்த வழியில்தான் ஓடும். ஒரு புதிர் அவிழ்ந்த சந்தோஷத்தில் இருக்கும்போது, கேட்கப் பிடிக்காத கேள்வி எது என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதைத்தான் நீங்கள் கேட்காமல் விட்டிருப்பீர்கள்.

அவருக்கு இருந்தது அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர். வீடு, வேலை, ஊர் என்று பெரிய மாற்றம் ஒன்று வந்து, மனம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நிற்கும் நிலை. நம் ஊரில் புது மருமகளிலிருந்து இடமாற்றம் வாங்கிய குமாஸ்தா வரை எல்லோருக்கும் கிடைக்கும் ஒரே மருந்து, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போ என்பதுதான். அது முடியாததனால்தான் அவர்கள் நம்மிடம் வருகிறார்கள். வந்த இடத்திலும் அதையே சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பெரிய பெயருள்ள நோய்களோடு ஒப்பிட்டால் இது சின்னதாகத் தெரியும். ஆதரவு கிடைத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்தும்விடும். ஆனால் அந்தச் சில மாதங்களுக்குள் ஒருவர் குறுக்குத்துறைப் படியில் போய் நிற்க முடியும்.

இனி அடுத்த சிக்கல். அன்று அவரை வீட்டுக்கு அனுப்புவதென்றால், ஆற்றங்கரைக்குப் போன விஷயம் அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், தனியாக விடக்கூடாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அது சரிதான். யாரிடம் சொல்லலாம் என்று பொன்னுத்தாயையே கேட்டோம். தங்கம் என்று சொல்வார் என நினைத்தேன்.

“தங்கத்துக்கு வேண்டாம்மா. வயித்துப் பிள்ளக்காரி, தாங்க மாட்டா. மதினிகிட்ட சொல்லுங்க.”

தன்னைக் காப்பகத்தில் விட இடம் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் சொல்லச் சொல்கிறார். அது தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். தெரியும், அவர்தான் அந்த வீட்டில் எல்லாவற்றையும் கவனிக்கிறவர் என்றார். என் இத்தனை வருட அனுபவம் அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய தேர்வை நம்புவது என்று முடிவெடுத்தோம், பயந்துகொண்டே.

சம்பந்தியம்மாவைத் தனியாக அழைத்தேன். முதலில் அட்டையைச் சொன்னேன். முடிச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு ஆற்றைச் சொன்னேன். அதை உங்களிடம் மட்டும் சொல்லச் சொன்னது உங்கள் மதினிதான் என்பதையும் சொன்னேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஒரே வீட்டுல கெடந்துக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மேடம்” என்றார் கடைசியில். கோபமா, வருத்தமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான்தான் சொல்லுத மாதிரி நடந்துக்கிடல” என்றார். அன்று இரவே தன் பாயை மதினி பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார் என்று மறுநாள் போனில் தங்கம் சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. பொன்னுத்தாய்க்கு ரத்தம் குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை. தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் ஒரு மாத்திரை. வாரா வாரம் என்னிடம் பேச்சு. வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. காப்பகப் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் நல்ல வாரமும் வந்தது, மோசமான வாரமும் வந்தது. வேறெதுவும் பேசாமல் மலையைப் பற்றியே சொல்லிவிட்டுப் போன நாள்களும் உண்டு. சாயங்காலம்தான் அவருக்கு மோசமான வேளை. அதனால் அந்த நேரத்துக்கு ரோசம்மாவைத் தேடிப்பிடித்தோம். தங்கம் போன் நம்பர் வாங்கி, முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்துகொடுத்தாள்.

பிள்ளை பிறந்து சில வாரங்கள் கழித்து, பார்க்க வாருங்கள் என்று அழைத்தார்கள். வீட்டுக்குப் போவது முறையா என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன், எனக்கே சாயங்காலங்கள் நீளமாக இருந்தன, போனேன்.

சந்துக்குள் வெயில் இறங்கியிருந்தது. உள்ளே கட்டிலில் தங்கம் பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாள். அவளுக்குப் பேறுகால மருந்தான காயம் அரைத்துக் கொடுப்பதும், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் பொன்னுத்தாய்தான் என்று சம்பந்தியம்மா வாசலிலேயே சொன்னார், ஏதோ தானே நியமனம் செய்த பெருமையோடு. முற்றத்தில் பொன்னுத்தாய் காலை நீட்டி உட்கார்ந்து போனில் ரோசம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. போனைப் பின்னால் கொண்டுபோ, முழங்கால் தெரியவில்லை என்கிறாள் ரோசம்மா. பொன்னுத்தாய் உடம்பை முறுக்கிப் போனைப் பின்னால் நீட்டப் பார்த்து ஒருபக்கமாகச் சாய்கிறார். போனில் முற்றத்துச் சுவர் தெரிகிறது, தொட்டி தெரிகிறது, முழங்கால் மட்டும் தெரியவில்லை.

தினமும் இந்தக் கூத்துதான் என்று என்னிடம் சொன்ன சம்பந்தியம்மா, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரத வீதியை விட்டு வெளியே அதிகம் போகாதவர். அட்டையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னவர். போனை வாங்கித் தொட்டிமேல் சாய்த்து வைத்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, சம்பந்தியின் முழங்காலைப் பைய மடக்கிப் பின்பக்கம் கவனமாகப் பார்த்தார். கெண்டைக்காலைத் திருப்பிப் பார்த்தார். அவசரமே இல்லை.

“ஒண்ணும் இல்ல மதினி. சுத்தமா இருக்கு” என்றார்.

பிறகு சேலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, தன் காலை எடுத்துப் பொன்னுத்தாய் மடியில் நீட்டினார்.

“இப்ப எனக்குப் பாருங்க.”